ஓரகத்திக்குப் போட்ட எடை

அலுவலகத்தில் அவளைத் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பெரியவள். இரண்டுமே அவள் கேட்டு வாங்கிய பெயர்கள் இல்லை. முதல் பெயர் வேலையால் வந்தது. இரண்டாவது, கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் என்று ஒருத்தி வந்து சேர்ந்ததால் வந்தது. அதுவரைக்கும் அவள் வெறும் மருமகள். ஒருத்தியாக இருந்தவரை அடைமொழி தேவைப்படவில்லை. இன்னொருத்தி வந்த பிறகுதான் பெரியது, சின்னது என்று பிரிக்க வேண்டியதாயிற்று. பிரித்ததில் பெரிய என்ற சொல் மட்டும் தன் பக்கம் வந்தது, மற்றதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

முன்னால் வந்த காதைப் பின்னால் வந்த கொம்பு மறைத்த கதை என்பார்களே, அதேதான்.

அவளுடைய வேலை இணையதளங்களை எடை போடுவது. அப்படியும் ஒரு வேலையா என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வருஷம் வங்கிகளின் தளங்கள் வரும், ஒரு வருஷம் கல்லூரிகளுடையவை. எது நல்ல தளம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவருக்குத் தொட்டதும் திறக்க வேண்டும். இன்னொருவருக்குக் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும். போட்டிருக்கும் தகவல் சரியாக இருக்க வேண்டும், கொடுத்த விவரம் வெளியே கசியக் கூடாது, புழங்குவதற்குச் சுலபமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முன்னால் வைத்து எது முக்கியம் என்று கேட்டால் எவருக்கும் தலை சுற்றும். அதனால் அவர்கள் இரண்டிரண்டாகக் கேட்டுக்கொள்வார்கள். வேகமா, அழகா? வேகம்தான் என்றால் எத்தனை மடங்கு? கொஞ்சம் கூடவா, நிறையக் கூடவா? வேகமா, பாதுகாப்பா? பாதுகாப்பா, அழகா? இப்படி எல்லா ஜோடியையும் கேட்டு முடித்தால், எதற்கு எவ்வளவு எடை என்று கணக்கு தானாகச் சொல்லிவிடும். வரன் பார்க்கிற வீட்டில் படிப்பா குணமா, குணமா சம்பாத்தியமா என்று அலசுவதைப் போலத்தான். இங்கே அதை எழுத்தில் செய்வார்கள், அவ்வளவே.

பிறகு ஒவ்வொரு தளத்தையும் அளப்பார்கள். எல்லாவற்றிலும் சிறந்ததைப் பொறுக்கிச் சேர்த்து, உலகத்தில் இல்லாத ஓர் உத்தமத் தளத்தை மனசுக்குள் கட்டுவார்கள். அதேபோல எல்லாவற்றிலும் மட்டமானதைத் திரட்டி ஓர் உதவாக்கரைத் தளம். எந்தத் தளம் உத்தமத்துக்குப் பக்கத்திலும் உதவாக்கரைக்குத் தூரத்திலும் நிற்கிறதோ அதற்கே முதலிடம்.

தராசக்கா இதில் கெட்டிக்காரி. அவள் ஒப்பிட்ட தாளில் முரண் இருக்காது. நேற்றொன்று இன்றொன்று சொல்லமாட்டாள். கடையில் இரண்டு கத்தரிக்காயைக் கையில் ஏந்தினாலும் அப்படித்தான். ஒன்றைக் கூடையில் போட்டால் போட்டதுதான், மற்றதைத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வீட்டில் மட்டும் ஒப்பிடுகிற வேலை ஓயவே இல்லை. அங்கே உத்தமம் சின்னவள்.

சின்னவளும் இணையதளத்துக்காரிதான், ஆனால் செய்கிறவள். மாடி அறையில் உட்கார்ந்து நிறுவனங்களுக்குத் தளம் வடிவமைத்துக் கொடுப்பாள். அவள் வந்த புதிதில் ஒருநாள் சாப்பிடும்போது, ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் ஏன் ஒத்துவராது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மாமனார் சாப்பாட்டை மறந்து கேட்டார். கொழுந்தன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான், அதில் அதிசயமில்லை, புது மாப்பிள்ளை. தன் புருஷனும் கேட்டதுதான் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் தன் வேலையைப் பற்றி அவள் இரண்டு முறை சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். இரண்டு முறையும் அவர் "சரி சரி, மோர் எங்க?" என்றார்.

மாமனார் தையல்காரராக இருந்தவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் கால்சட்டை தைத்திருக்கிறார். கை நடுக்கம் வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டார். தையல் மெஷினைத் தன் அறையிலேயே போர்த்தி வைத்து அதன்மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கியிருந்தார். அதிகம் பேசமாட்டார். பெரியவள் எதைச் சொன்னாலும் "ம்" என்பார். அந்த "ம்"மில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. மனிதர் சுபாவம் அப்படி என்றிருந்தாள். அவர் கை நடுங்குவதை முதலில் கவனித்தது அவள்தான். அன்றிலிருந்து அவருக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுவாள். குடித்ததும் மீதிப் பாதியைக் கொண்டுவருவாள். சிந்தாமல் குடிக்கட்டும் என்று. இதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள்.

சின்னவள் வந்த பிறகு அவர் சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது. சுபாவம் இல்லை, ஆளைப் பொறுத்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த வருஷம் அலுவலகத்துக்கு மருத்துவமனைத் தளங்கள் வந்தன. மருத்துவமனைகளின் கூட்டமைப்பு ஒன்று பத்துப் பன்னிரண்டு தளங்களைக் கொடுத்து, இவற்றில் எது சிறந்தது என்று கேட்டது. முதலில் வருகிற தளத்தைச் செய்தவரிடமே மற்ற மருத்துவமனைகளின் தளங்களையும் ஒப்படைப்பதாகப் பேச்சு.

அன்று மாலை சின்னவள் படியிறங்கி வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, விஷயம் தெரியுமா? நான் செஞ்ச ஆஸ்பத்திரி சைட்டும் போட்டிக்குப் போயிருக்கு. உங்க ஆபீஸ்தான் பாக்குதாமே?"

"பாக்கும். எத்தனையோ பாக்குது."

"நீங்களா மார்க் போடுவீங்க?"

"யார் பாக்கறாங்கன்னு எனக்கென்ன தெரியும்? அங்க நான் மட்டுமா இருக்கேன்?"

தெரியும். மதியமே தெரியும். எடை போடுகிற ஐந்து பேரில் அவள் ஒருத்தி.

சொந்தக்காரர் செய்த தளம் வந்தால் மேலாளரிடம் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது அலுவலகத்தின் விதி. மறுநாள் அவள் மேலாளர் அறை வாசல்வரை போனாள். அந்தம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டாள். திரும்பியதற்கு ஃபோன் காரணமில்லை.

அந்தத் தளத்தின் முகப்பை மட்டும் ஒருமுறை திறந்து பார்த்தாள். இளம்பச்சையில், காலை வெளிச்சம் மாதிரி, அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போகவே பிடிக்கவில்லை, மூடிவிட்டாள். வயிற்றெரிச்சல்காரர்கள் எதையும் முழுசாகப் பார்ப்பதில்லை.

எடைத் தாள் வந்தது. தளங்களைத் தொடுவதற்கு முன்பே ஐந்து பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, எதைவிட எது முக்கியம் என்று நிரப்ப வேண்டும். தராசக்கா பேனாவை எடுத்தாள். அழகுக்கு எதிரே எது வந்தாலும் அதற்கே பெரிய எண்ணைப் போட்டாள். அது சுலபமாக முடிந்தது. பிறகு, சின்னவளின் தளத்தில் படங்கள் ஜாஸ்தி, நிச்சயம் மெதுவாகத்தான் திறக்கும் என்று நினைத்து, தகவலைவிட வேகம் முக்கியம் என்று போட்டாள். அப்புறம், சின்னவள் எழுத்து விஷயத்தில் கவனமில்லாதவள், தகவலில் தப்பு விட்டிருப்பாள் என்று தோன்றியது. புழங்கச் சுலபமாக இருப்பதைவிடத் தகவல்தான் முக்கியம் என்று போட்டாள். அதற்கும் அப்புறம், அவள் சின்ன வயசுக்காரி, நோயாளிகள் எப்படித் தடவித் தடவிப் புழங்குவார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும் என்ற யோசனை வந்தது. வேகத்தைவிடப் புழங்கச் சுலபமாக இருப்பதுதான் முக்கியம் என்று போட்டாள்.

மறுநாள் தாள் திரும்பி வந்தது. கணக்கர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மேஜைப் பக்கம் வந்து நின்றார். ஓய்வு பெறப்போகிற வயது அவருக்கு. எல்லோருடைய தாளையும் சரிபார்ப்பது அவர்தான்.

"தராசம்மா, உடம்பு சரியில்லியா?"

"ஏன், நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க தாள்ல முரண் எல்லையத் தாண்டியிருக்கு. மத்தவங்களுக்கு வந்தா நான் ஆச்சரியப்படமாட்டேன். அண்ணன் தம்பியவிட உசரம்னு சொல்றீங்க. தம்பி மாமாவவிட உசரம்னு சொல்றீங்க. கடைசில பாத்தா மாமா அண்ணனவிட உசரமாம். யாருதான் உசரம்?"

பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். தராசக்காவுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. தாளை வாங்கிக்கொண்டாள். ஆத்திரத்தில் போட்ட எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிட்டன. பொறாமைப்படுவதென்றால் அதையும் ஒழுங்காகப் படவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து யோசித்தாள். எந்த இடத்தில் சின்னவள் நிச்சயமாகத் தோற்பாள்? வேகம், தகவல் எல்லாம் சந்தேகம். நிச்சயமான ஒன்று இருக்கிறது. அவள் கைவிரல்கள் பென்சில் மாதிரி, கண்ணும் கழுகுக் கண். தன் விரலுக்கும் தன் கண்ணுக்கும் ஏற்றபடிதான் செய்திருப்பாள். கிழவர்களும் நோயாளிகளும் அந்தத் தளத்தில் திண்டாடுவார்கள். ஆகவே புழங்கச் சுலபமாக இருப்பதற்கே எல்லாவற்றையும்விடப் பெரிய எடை, அழகுக்குக் கடைசி இடம். மற்றவற்றை இவை இரண்டுக்கும் நடுவில் படிப்படியாக அடுக்கினாள். இந்த முறை முரணே இல்லை.

கணக்கர் பார்த்துவிட்டு, "இதுதான் எங்க தராசம்மா" என்றார்.

அதோடு நின்றாளா? அடுத்து, ஐந்து பேரும் கூடித் தங்கள் எடைகளைப் பற்றிப் பேசும் கூட்டம். மற்ற நாலு பேரும் பாதுகாப்புக்கும் அழகுக்கும் தாராளமாகப் போட்டிருந்தார்கள். தராசக்கா எழுந்தாள். வழக்கமாக இரண்டு வாக்கியத்தில் முடிப்பவள், அன்று பேசினாள்.

"எங்க வீட்ல எங்க மாமனார் இருக்கார். கை நடுங்கும். ஒரு டம்ளர் தண்ணி முழுசா எடுத்துக் குடிக்க முடியாது. அவருக்கு நெஞ்சு வலி வந்து டாக்டரப் பாக்கணும்னா, உங்க சைட்டு பச்சையா இருக்கா நீலமா இருக்கான்னா பாப்பாரு? பட்டன் எங்க இருக்கு, தொட்டா கேக்குதான்னுதானே பாப்பாரு? ஆஸ்பத்திரி சைட்டுக்கு வர்றவன் வேடிக்கை பாக்க வரல."

ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். நாலு பேரும் தங்கள் தாளை வாங்கித் திருத்திக்கொடுத்தார்கள். தராசக்கா உட்கார்ந்தாள். பேசியது அத்தனையும் உண்மை. பேச வைத்தது மட்டும்தான் வேறு.

அளவெடுக்கிற வேலை தொடங்கியது. புழங்கிப் பார்ப்பதற்கென்று வெளியாட்களைக் கூட்டிவந்திருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒவ்வொருவராக உட்கார்ந்து, டாக்டரிடம் நேரம் வாங்குவது, ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடி எடுப்பது, அவசர எண்ணைக் கண்டுபிடிப்பது என்று கொடுத்ததைச் செய்ய வேண்டும். தளங்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஆனால் இளம்பச்சை எது என்று தராசக்காவுக்குத் தெரியாதா?

வந்தவர்களில் ஒரு பெரியம்மா படு கோபக்காரி. லாரி ஷெட்டு நடத்தியவராம். ஒவ்வொரு தளத்தையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். தேதியைத் தவறித் தொட்டால் சிவப்பாக ஒரு கட்டம் எழும்பி 'தவறான உள்ளீடு' என்று சொல்லும். "தவறா? யாருடா தவறு? உன்னைச் செஞ்சவன் தவறு!" என்பார். இளம்பச்சை வந்தது. அதிலும் தவறித்தான் தொட்டார். ஆனால் திட்டு வரவில்லை. திரையைப் பார்த்துச் சும்மா இருந்தார். பிறகு நிதானமாகத் திருத்தி, நேரம் வாங்கி முடித்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டார் அங்கிருந்த அலுவலர்.

"இது என்னைத் திட்டல" என்றார் பெரியம்மா. "அதனால நானும் திட்டல."

அந்தப் பெரியம்மா மட்டுமில்லை. வந்தவர்கள் எல்லோரும் இளம்பச்சையில்தான் தடுமாறாமல் வேலையை முடித்தார்கள். தராசக்கா தன் மேஜைக்கு வந்து அந்தத் தளத்தை முதல்முறையாக முகப்பு தாண்டித் திறந்தாள். வேண்டுமென்றே தப்பான தேதியைத் தொட்டாள். சிவப்புக் கட்டம் வரவில்லை. அழுத்தமான எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது: 'பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்.'

அவள் அதை இன்னொரு முறை படித்தாள். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துபோயிற்று. யாராவது சட்டையைக் கொண்டுவந்து, தோள் இறுக்குகிறது, அளவு தப்பு என்று கத்தினால் மாமனார் இப்படித்தான் சொல்வார். "பரவால்ல, பிரிச்சுக்கலாம்." அவர் குரல் எப்படி இந்தத் தளத்துக்குள் போயிற்று?

அந்தச் சனிக்கிழமை மதியம் அவளுக்கு விடை கிடைத்தது. கடைக்குப் போய்விட்டுப் பையோடு உள்ளே வந்தாள். மாமனார் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு டேப்லெட். சின்னவள் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ ஒரு கிளினிக்குக்குச் செய்கிற தளம் போலிருக்கிறது.

"இப்ப தொடுங்க மாமா."

"தொட்டேன். நாளைக்குத் தொட்டா நாளான்னிக்கு வருது."

"உங்க விரல் ஊஞ்சலாடுது. அது என்ன பண்ணும், பாவம்?"

"ஆடத்தான் செய்யும். நீ பட்டனை இன்னும் தள்ளி வை. அந்த ஆஸ்பத்திரிக்குப் பண்ணின மாதிரி பண்ணு. அதுக்கே எத்தனை நாள் உன்கூட மல்லுக்கட்டியிருக்கேன்?"

"சரி மாமா, கத்தாதீங்க. பரவால்ல, மாத்திக்கலாம்!" என்று சின்னவள் அவர் குரலிலேயே சொன்னாள். அவர் நாற்காலி ஆடும்படி சிரித்தார்.

பெரியவள் பையை இறக்கி வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். விரல் ஊஞ்சலாடுகிறதாம்! அந்த நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல் வாயிலிருந்து வரக் கூடாது என்று எத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துப் பாதி டம்ளராக ஊற்றியிருப்பாள்? இவள் வந்தாள், கேலி பண்ணினாள், அவர் சிரிக்கிறார். அவர் தன் கையைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் என்று இத்தனை நாள் ஏங்கிக்கொண்டிருந்தாரா? அப்படியானால் தன்னிடம் ஏன் பேசவில்லை? தானும் ஏன் கேட்கவில்லை? கேட்காதது மரியாதை என்றால், கேட்டவளுக்கு எப்படி இவ்வளவு கிடைத்தது?

இதுவரை எரிந்தது தளத்துக்காக. இப்போது எரிந்தது வேறு. போட்டியில் சின்னவள் ஜெயித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தச் சிரிப்பைத் தாங்கமுடியவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேலாளர் அறைக்குப் போனாள். அந்தம்மா ஃபோனில்தான் இருந்தார். இவள் காத்து நின்றாள்.

"மேடம், மருத்துவமனை லிஸ்ட்ல ஒரு சைட்டு என் ஓரகத்தி செஞ்சது. விதிப்படி அதைப் போட்டியிலேர்ந்து எடுத்துடணும்."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"ஏன் அப்பவே சொல்லல?"

மேலாளர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சைட்டை ஏன் எடுக்கணும்? சைட்டு என்ன தப்பு பண்ணுச்சு? தப்பு பண்ணது நீங்க. எடுக்க வேண்டியது உங்க தாளை." அவர் கணக்கரைக் கூப்பிட்டார். "இவங்க தாளை நீக்கிடுங்க. இவங்க பேசினதுக்கப்புறம் மத்தவங்க திருத்தினாங்களே, அந்தத் திருத்தமும் செல்லாது. நாலு பேரும் முதல்ல போட்டதையே எடுத்துக்கிட்டு மறுபடி கணக்கு போடுங்க."

கணக்கர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அன்று திரும்பிவந்த தாள் அவர் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

மறுபடி கணக்கு போட்டதில் சின்னவளின் தளம் இரண்டாவதாக வந்தது. நாலு பேரும் முதலில் பாதுகாப்புக்கும் அழகுக்கும் கொடுத்திருந்த எடை, பணக்கார மருத்துவமனை ஒன்றின் தளத்தை மேலே தூக்கிவிட்டது. சின்னவளைக் கவிழ்க்கத் தராசக்கா போட்ட எடை இருந்திருந்தால் சின்னவள்தான் முதல். பொறாமையில் அவள் கட்டிய ஏணியில் சின்னவள் ஏறி நின்றாள். அதே பொறாமையில் அவள் உண்மையைச் சொன்னதும் ஏணி சரிந்துவிட்டது. கணக்கரின் திரையில் இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வருஷம் முழுக்க எந்தத் தளத்தையும் எடை போடக் கூடாது, பழைய அறிக்கைகளைச் சரிபார்த்தால் போதும் என்று உத்தரவு வந்தது.

வீட்டில் சொன்னாள். சொந்தக்காரி என்பதால் விலகவேண்டியதாயிற்று, சொல்லத் தாமதமானதால் அலுவலகத்தில் திட்டு, தளம் இரண்டாவது. இவ்வளவுதான் சொன்னாள். கொழுந்தன் உம்மென்று எழுந்து போனான். புருஷன், "மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உன் வேலைக்கே நீ உலை வச்சுக்கிட்டியே" என்றார். சின்னவள் மட்டும், "என்னால உங்களுக்குக் கெட்ட பேரு அக்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்று அவள் சாப்பிடக் கீழே இறங்கவில்லை.

மறுநாள் மாலை மாமனார் கூப்பிட்டார். "பெரியவளே, இங்க வாம்மா. உக்காரு."

அவர் அறையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில் விளிம்போடு உட்கார்ந்தாள்.

"ரெண்டாவதுன்னா எவ்வளவு தூரத்துல ரெண்டாவது?"

"மயிரிழைதான் மாமா."

"எங்க குறைஞ்சுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவள் சொன்னாள். இரண்டிரண்டாக ஒப்பிடுவது, எடை வருவது, உலகத்தில் இல்லாத உத்தமத் தளம், அதற்குப் பக்கம், தூரம். அவர் "ம்" போடவில்லை, கேள்வி கேட்டார். துணி நல்லதா, தையல் நல்லதா, அளவு சரியா என்று சட்டையை வைத்துக் கேட்டார். அளவு சரியில்லாவிட்டால் துணி எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன, அதைக் கணக்கு எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்றார். நல்ல கேள்வி. மற்றவற்றின் சிறப்பு ஒரு குறையை மூடிவிடும், இந்த முறையில் இருக்கிற பலவீனமே அதுதான் என்றாள். இந்த வீட்டில் அவள் வேலையைப் பற்றி முழுசாகச் சொல்லி முடித்தது அன்றுதான். சின்னவள் தோற்றதால் கிடைத்த கேள்வி என்பது அவளுக்குத் தெரியும். அப்படியும் இனித்தது.

"எது முக்கியம்னு யாரு சொல்றது?"

"அஞ்சு பேரு. இந்தத் தடவை நாலு பேரு. என்னோடத எடுத்துட்டாங்க."

"எடுத்தது சரிதான். எடுக்காம இருந்திருந்தா?"

அவள் தரையைப் பார்த்தாள். "மொதல்ல வந்திருக்கும்."

"நெஜமாவா அக்கா?"

சின்னவள் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "உங்க தாள்ல நான் மொதலா? உங்களுக்கு அவ்வளவு புடிச்சிருந்துதா? நீங்க ஒண்ணுமே சொன்னதில்லியே. உங்களுக்குப் புடிக்கவே இல்லன்னு நெனச்சேன்."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உன்னைக் கவிழ்க்கத்தான் அப்படிப் போட்டேன், அப்போது உன் முகப்பைத் தாண்டி நான் பார்த்திருக்கவே இல்லை, உண்மையைப் போய்ச் சொன்னதும் நீ மாமாவைச் சிரிக்க வைத்தது பொறுக்காமல்தான். வாய்வரைக்கும் வந்தது.

"புழங்கறவங்களுக்குத்தான் நான் அதிகம் போட்டேன்" என்றாள்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு விசும்பினாள். மாமனார், "பாத்தியா, உன் அக்கா உன் பக்கம்தான் எடை போட்டிருக்கா" என்றார். பெரியவள் சின்னவளின் தலையைத் தடவிக்கொடுத்தாள். எவ்வளவு அடர்த்தியான முடி, தனக்கு இதில் பாதிகூட இல்லை என்று கைக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் சின்னவள் எந்தத் தளத்தைச் செய்தாலும் கொடுப்பதற்கு முன்னால் பெரியவளிடம் காட்டுவாள். "அக்கா, கொஞ்சமும் தயவு பாக்காம சொல்லுங்க" என்பாள். தயவு பார்க்கிற ஆளா அவள்? பக்கம் பக்கமாகக் குறை சொன்னாள். அந்த வேலையை அவ்வளவு சந்தோஷமாக அவள் அலுவலகத்தில்கூடச் செய்ததில்லை. வந்த வினைதான் என்னவென்றால், சின்னவள் அத்தனையையும் திருத்திவிடுவாள். தளம் இன்னும் நன்றாக வரும். வேலைகள் தேடி வந்தன. சொந்தக்காரர்கள் சின்னவளுக்குக் கைராசி என்றார்கள். கைராசியின் பின்னால் யாருடைய நாக்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவளுக்கு வயிறு பழையபடி எரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் ஒரு தளத்தைத் திரையில் போட்டு, நல்ல தளம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார். தராசக்கா உடனே கையைத் தூக்கினாள். "மேடம், இது என் ஓரகத்தி செஞ்சது. அத மொதல்லயே சொல்லிடறேன்." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "மருந்துச் சீட்டுப் பக்கத்துல எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கு. வயசானவங்களுக்குத் தெரியாது."

அந்தக் குறை ஒன்றை மட்டும் அவள் சின்னவளிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

மேலாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். எழுத்து பெரிதாக, அழுத்தமாக இருந்தது. "நல்லாத்தானே தெரியுது?" என்றார்.

மாலை வீட்டுக்குப் போனதும் பையை வைக்காமல் சின்னவளிடம் கேட்டாள். "மருந்துச் சீட்டுப் பக்கத்த எப்ப மாத்தின?"

"நேத்து அக்கா. மாமா சொன்னார்."